அம்மையநாயக்கனூரில் இறங்கிய அணை

முல்லைப் பெரியாறுன்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு மூணு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, 142 அடி (2014ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு). ரெண்டு, கேரளா. மூணு, பென்னி குயிக் தன் மனைவியோட நகையை வித்து அணை கட்டின கதை. இந்த மூணைப் பத்தியும் இணையத்தில் எக்கச்சக்கமா எழுதிக் குவிச்சாச்சு. அரசியல் ஜல்லி அடிக்க எனக்கும் ஆசைதான், ஆனா இந்தப் பதிவு அதுக்கில்லை.

இந்தப் பதிவு ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் பத்தியது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிற கொடைரோடு. கொடைக்கானல் போறவங்க இறங்குற ஊர், பன்னீர் திராட்சை விக்கிற ஊர், அவ்வளவுதான் பல பேருக்கு. அதோட பழைய பேர் அம்மையநாயக்கனூர். 1887ல் இருந்து 1895 வரைக்கும், எட்டு வருஷம், ஒரு பெரிய அணைக்குத் தேவையான இரும்பும் இயந்திரமும் வந்து இறங்கின இடம் இது. அணை இருக்கிற இடமோ இங்கிருந்து ஏறக்குறைய 80 மைல் தள்ளி, மலை மேல, காட்டுக்கு நடுவில்.

அணையை எப்படிக் கட்டினாங்கங்கிற கேள்வியை விட, அணைக்கான சாமானை எப்படி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாங்கங்கிற கேள்விதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. ஏன்னு சொல்றேன்.

<b>நூறு வருஷமா நடக்காத வேலை</b>

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற பெரியாற்றைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பணும்ங்கிற யோசனை வெள்ளைக்காரனோடது மட்டும் இல்லை. 1789லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கார். செலவு தாங்காதுன்னு அப்படியே நின்னு போச்சு. 1808ல் ஜேம்ஸ் கால்டுவெல்ங்கிற பொறியாளர் பார்த்துட்டு, இது நடக்கிற காரியமே இல்லைன்னு எழுதி வச்சார். 1850ல் நிஜமாவே ஒரு சின்ன அணைக்கு வேலை ஆரம்பிச்சு, காய்ச்சலில் ஆட்கள் விழுந்ததும் கைவிட்டுட்டாங்க. 1860களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டம் போட்டார். அதுவும் காகிதத்தோட சரி.

அப்புறம் 1876–78 தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் செத்தவங்களுக்குக் கணக்கு வழக்கு இல்லை. அதுக்கப்புறம்தான் இந்தத் திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. 1882ல் ஜான் பென்னி குயிக் கையில் வேலை வந்தது. 1886 அக்டோபர் 29ம் தேதி திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை கையெழுத்தாச்சு. 1887ல் வேலை ஆரம்பம்.

1808க்கும் 1887க்கும் நடுவில் என்ன மாறிப் போச்சு? பெரியாறு மாறலை. மலை மாறலை. மலைக்காய்ச்சலும் மாறலை. மாறினது ரெண்டு. பஞ்சம் பார்த்த பயம் ஒண்ணு. இன்னொண்ணு, 1875ல் திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியா மதுரைக்கு வந்த தென்னிந்திய ரயில்வேயோட மீட்டர் கேஜ் பாதை.

இந்த ரெண்டாவது காரணத்தை யாரும் பெரிசாப் பேசறதில்லை. ரயில் இல்லாத காலத்தில் கால்டுவெல் 'முடியாது'ன்னு சொன்னது முட்டாள்தனமாத் தெரியலை எனக்கு. அவர் காலத்தில் கடற்கரையில் இறங்குற ஒரு இரும்புத் துண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கு வரணும்னா நூத்துக்கணக்கான மைல் மாட்டு வண்டிதான். ரயில் வந்த பிறகு அது 80 மைலாச் சுருங்கிச்சு. 80 மைல்ங்கிறது கொடுமைதான். ஆனா முடியாத கொடுமை இல்லை.

<b>எவ்வளவு சாமான்? ஒரு குத்துமதிப்பு</b>

நம்ம பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அணை ஆற்றுப் படுகையில் இருந்து சுமார் 155 அடி உயரம். அடியில் 138 அடி அகலம், உச்சியில் 12 அடி. நீளம் சுமார் 1,200 அடி. குறுக்கு வெட்டை ஒரு முக்கோணம்னு வச்சுக்கிட்டா பரப்பு 10,700 சதுர அடி. பள்ளத்தாக்கு 'வி' மாதிரி இருக்கிறதால, ஓரங்களில் அணை குட்டை, நடுவில்தான் முழு உயரம். அதனால மூணில் ஒரு பங்கு எடுத்துக்கலாம். 10,700 பெருக்கல் 1,200 வகுத்தல் 3. ஏறக்குறைய 43 லட்சம் கன அடி. இது என் காகிதக் கணக்குதான், அளவுப் புத்தகக் கணக்கு இல்லை. ஆனா மலைப்பு எவ்வளவுன்னு புரிஞ்சுக்க இது போதும்.

இதில் பெரும்பகுதி கல். கல் அங்கேயே மலையில் கிடைச்சது. அது ஒரு புண்ணியம். முன்னும் பின்னும் கல் கட்டுமானம், நடுவில் சுண்ணாம்பு–சுர்க்கி காங்கிரீட். சுர்க்கின்னா செங்கல் மாதிரி சுட்ட மண்ணை அரைச்ச பொடி. சுண்ணாம்போட சேர்ந்தா தண்ணிக்குள்ளேயும் இறுகும்.

ஏன் சிமெண்ட் இல்லை? இந்தியாவில் முறையா சிமெண்ட் செய்யற முதல் முயற்சியே 1904ல் சென்னையில்தான். 1887ல் சிமெண்ட் வேணும்னா கப்பலில் பீப்பாய் பீப்பாயா இங்கிலாந்தில் இருந்து வரணும். கப்பல், ரயில், மாட்டு வண்டி, மலைன்னு நாலு தரம் கை மாறி, மழைச் சாரலில் நனையாம வந்து சேரணும். 43 லட்சம் கன அடிக்கு அதெல்லாம் கனவில் கூட நடக்காது. சுண்ணாம்புதான் வழி. "சுண்ணாம்பில் கட்டின பழைய அணை"ன்னு இன்னைக்குச் சிலர் இளக்காரமாப் பேசுறாங்க. அந்த இடத்தில், அந்தக் காலத்தில், தூக்கிக்கிட்டுப் போக முடிஞ்ச பொருளை வச்சுக் கட்டினாங்க. கட்டிடப் பொருளை முடிவு பண்றது பல நேரம் பலம் இல்லை, பாதைதான்.

சுண்ணாம்புக்கல் அடிவாரத்தில், கூடலூர்ப் பக்கம் குருவனூத்தில் கிடைச்சது. இதிலேயும் ஒரு சிக்கல் பாருங்க. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா அதோட எடையில் நூத்துக்கு நாப்பதுக்கு மேல வாயுவாப் போயிடும். அதனால கீழேயே சுட்டுட்டு மேல ஏத்தினா பாரம் பாதியாக் குறையும். நல்ல ஐடியாதானே? ஆனா சுட்ட சுண்ணாம்பு தண்ணி பட்டாப் பொங்கும். வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுற மலைக்கு, தண்ணி படக் கூடாத சரக்கைத் திறந்த வண்டியில் ஏத்தணும். கல்லா ஏத்தினா எடை, சுட்டு ஏத்தினா மழை. எந்தப் பக்கம் போனாலும் இடி.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் கீழே இருந்து போகணும்னு வச்சுக்குங்க. 4 லட்சத்து 30 ஆயிரம் கன அடி. கன அடிக்கு 30 கிலோன்னு போட்டா 12,900 டன். ஒரு ஜோடி மாட்டு வண்டி சமதரையில் இழுக்கிறது அரை டன். ஆக, சுமார் 25,800 நடை. இதில் இன்னும் இரும்பு வரலை, இயந்திரம் வரலை, வெடிமருந்து வரலை, அரிசி வரலை.

<b>80 மைல், நாலு காலு</b>

அம்மையநாயக்கனூரில் கிளம்பினா நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இன்னைக்கு பஸ்ஸில் மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், டிரைவர் அண்ணனோட மூடைப் பொறுத்து :-)

மாடு மணிக்கு ரெண்டு, ரெண்டரை மைல் நடக்கும். நாளுக்கு 15 மைல் ஓட்டினா மாடு தாங்கும். அதுக்கு மேல ஓட்டினா கழுத்தில் நுகத்தடி அழுத்தின இடம் புண்ணாகும், அப்புறம் பத்து நாள் வண்டி நிக்கும். ஆக, போக ஆறு நாள், வர ஆறு நாள், ரெண்டு பக்கமும் சாமான் ஏத்தி இறக்க, லாடம் பார்க்க, அச்சுக்கு மசகு போட ரெண்டு நாள். ஒரு நடை பதினாலு நாள்.

இப்போ, நாளுக்குப் பத்து வண்டி சாமான் கூடலூர் போய்ச் சேரணும்னா எத்தனை வண்டி வேணும்? பத்து இல்லை சாமி. பத்து பெருக்கல் பதினாலு, 140 வண்டி எப்பவும் ரோட்டில் இருக்கணும். 280 மாடு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச மக்களுக்கு இது 'லிட்டில்ஸ் லா'. படிக்காத வண்டிக்காரங்களுக்கு இது பழகின விஷயம்.

அந்த 280 மாடும் தின்னணும். ஒரு ஜோடிக்கு நாளுக்கு 15 கிலோ வைக்கோல்னா பதினாலு நாளைக்கு 210 கிலோ. வண்டியில் ஏத்துறதே 500 கிலோ. தீனியையும் வண்டியிலேயே கொண்டுபோனா சரக்குக்குப் பாதி இடம்தான். அதனால வழிநெடுக ஊர் ஊரா வைக்கோல் வாங்கித்தான் ஆகணும். பட்டறையில் லாடம் அடிக்கிறவர், சக்கரப் பட்டை சூடு பண்ணி இறுக்கிற ஆசாரி, சோறு ஆக்கிப் போடுற அம்மா, தண்ணித் தொட்டி, வண்டிப்பேட்டை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு 'சாலை'. வெறும் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினா அது சாலை ஆகாது.

வழியில் ஆறும் உண்டு. மஞ்சளாறு, பெரியகுளத்தில் வராக நதி, தேனியில் கொட்டகுடி ஆறு. எல்லாம் மலையில் இருந்து வர்ற ஆறுகள். காலையில் மணலாக் கிடக்கும், சாயங்காலம் மலையில் மழை பெய்ஞ்சா இடுப்பளவு ஓடும்.

எங்க அம்மா வழித் தாத்தா வத்தலக்குண்டுப் பக்கம் பார வண்டி வச்சிருந்தவர். அணைக் காலத்து ஆள் இல்லை, அதுக்கு ரொம்பப் பின்னாடி. அவர் சொல்வார்: "ஏத்தத்துல பாதிப் பாரம், எறக்கத்துல முழு பயம்டா பேராண்டி." ஏத்தத்தில் மாடு நின்னா வண்டி பின்னாடி உருளும். அதுக்கு ஒரு ஆள் முட்டுக்கட்டையைக் கையில் வச்சுக்கிட்டு சக்கரத்துக்குப் பின்னாடியே நடக்கணும். இறக்கத்தில் பாரம் மாட்டைத் தள்ளும். மாடு கால் மடங்கினா அதோட கதை முடிஞ்சது. கூடலூரில் இருந்து குமுளி ஏறுற மலைப்பாதையை இந்த வரியோட சேர்த்து நினைச்சுப் பாருங்க.

<b>மலை ஏறின பிறகும் முடியலை</b>

கூடலூர் வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா இல்லை. அணை இருக்கிற இடம் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேல. அடிவாரத்தில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் அடி ஏறணும். பாதிப் பாரம்னா, மேல சொன்ன 25,800 நடை 51,600 நடை ஆகுது. எட்டு வருஷத்தில் வருஷத்துக்கு 200 நாள் வேலை நடந்ததுன்னு வச்சாலும் நாளுக்கு 32 வண்டி ஏறணும், 32 வண்டி இறங்கணும், ஒரே மலைப்பாதையில். ஒரு வண்டி அச்சு முறிஞ்சா மொத்தமும் ஸ்தம்பிக்கும்.

அதனால ரோப்வே போட்டாங்க. அடிவாரத்தில் இருந்து மலை உச்சிக்குக் கம்பிவடம். சுண்ணாம்பு அதில் தொங்கிக்கிட்டு ஏறிச்சு. 1890களில், கம்பம் பள்ளத்தாக்கில், ரோப்வே! பழனியில் விஞ்ச் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி.

மேல தேக்கடிப் பக்கம் இருந்து அணைக்கு இன்னும் காடு. அங்கே தண்ணியையே ரோடாக்கினாங்க. ஓடையிலும் ஆற்றிலும் சின்னச் சின்னத் தடுப்பு கட்டி, தண்ணியைத் தேக்கி, படகில் சாமானைக் கொண்டுபோனாங்க. இன்னைக்கு தேக்கடியில் டிக்கெட் எடுத்து யானை பார்க்கப் படகில் போறோமே, அந்த ஏரியே இந்த அணையால் வந்தது. அந்த ஏரிக்கு அடியில்தான் அணையைச் சுமந்துக்கிட்டுப் போன தண்ணிப்பாதை கிடக்குது.

ஆக, ஒரு இரும்புச் சாமானோட பயணம் இது: லண்டனில் கப்பல், துறைமுகம், மீட்டர் கேஜ் ரயில், அம்மையநாயக்கனூரில் இறக்கம், மாட்டு வண்டி, மலை ஏற்றம், படகு, கடைசியில் தலைச்சுமை. ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏத்தணும். நம்ம தொழிலில் சொல்வோமே, சிஸ்டம் மெதுவா ஓடுறது உள்ளே இல்லை, ஒரு சிஸ்டத்தில் இருந்து இன்னொண்ணுக்குக் கை மாத்துற இடத்தில்தான்னு. அதேதான். ஒரே ஒரு சின்ன உதிரிப் பாகம் உடைஞ்சா, திரும்ப வர மாசக்கணக்கு.

<b>காய்ச்சலும் வெள்ளமும்</b>

வருஷம் பூரா வேலை செய்ய முடிஞ்சிருந்தாலாவது பரவாயில்லை. கோடையில் மலைக்காய்ச்சல். கேம்ப்பையே காலி பண்ற அளவுக்குக் காய்ச்சல். கொசுதான் காரணம்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிச்சதே 1897ல். அணை முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு! அதாவது எதிரி யாருன்னே தெரியாம எட்டு வருஷம் சண்டை போட்டிருக்காங்க.

காய்ச்சல் விட்டா மழை. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டுப் போச்சு. வெள்ளத்தில் போன கட்டுமானம்னு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாப் படிச்சுட்டுப் போயிடறோம். அதில் போனது வெறும் கல்லும் சுண்ணாம்பும் இல்லை. அத்தனை நடை மாட்டு வண்டி. அத்தனை நாள் ரோடு. மறுபடி அதே சாமானை அதே பாதையில் ஏத்தணும்.

இதுக்கு நடுவில் வேலை செய்யற மக்களுக்குச் சோறு. 3,000 பேர்னு வச்சுக்கிட்டாலும் ஆளுக்கு முக்கால் கிலோ அரிசின்னா நாளுக்கு 2,250 கிலோ. தினமும் நாலரை வண்டி அரிசி, மலையில் ஒன்பது வண்டி. ஒரு நாள் கூட நிக்கக் கூடாது. சுண்ணாம்பு ஒரு வாரம் தாமதமானா வேலைதான் நிக்கும், அரிசி தாமதமானா ஆளே ஓடிடுவான்.

<b>அதே ஸ்டேஷன், இன்னொரு மலை</b>

அம்மையநாயக்கனூருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கொடைக்கானல். 1845ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் ரெண்டு வீடு கட்டினாங்க. 1863ல் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1899ல் சூரிய ஆய்வகத்துக்கு வேலை ஆரம்பிச்சு, 1901ல் இருந்து அங்கே சூரியனைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஆனா மோட்டார் வண்டி ஏறுற ரோடு 1914 வாக்கில்தான் வந்தது.

அப்போ இதெல்லாம் எப்படி மேல போச்சு? ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் ராத்திரிப் பயணமா பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. அங்கிருந்து செங்குத்தான ஒத்தையடிப் பாதை. துரைமார்களும் துரைசாணிகளும் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தோளில் போனாங்க. ஜன்னல் கண்ணாடி, ஆணி, பியானோ, தொலைநோக்கி எல்லாம் தலையிலும் தோளிலும். பாதைக்குப் பேரே 'கூலி காட்'. வரலாற்றில் அந்தச் சுமைகாரங்களுக்குக் கிடைச்ச ஒரே நினைவுச்சின்னம் அந்தப் பேர்தான். அதிலேயும் ஆள் பேர் இல்லை, வேலைப் பேர்தான்.

ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். கொடைக்கானலுக்குச் சாமான் சின்னச் சின்னதா, வருஷக்கணக்கா ஏறிச்சு. ஆள் தோள் போதும். அணைக்கு அது போதாது. அதுக்கு ஒரு முழு ஏற்பாடு வேணும். பென்னி குயிக்கோட பெருமை அணையை வரைஞ்சதில் மட்டும் இல்லை. இந்தப் பாதையை யோசிச்சதில் பாதிக்கு மேல இருக்கு.

<b>ஆப்பிரிக்காவில் அதே நேரம்</b>

அணை முடிஞ்ச அடுத்த வருஷம், 1896ல், மொம்பாசாவில் இருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் போட ஆரம்பிச்சாங்க. உகாண்டா ரயில்வே. அதைக் கட்டினதும் நம்ம நாட்டு ஆட்கள்தான். 30,000 பேருக்கு மேல, பெரும்பாலும் பஞ்சாபில் இருந்து போனவங்க. சாவோவில் ஆளைத் தின்ன சிங்கங்கள் கதை எல்லாருக்கும் தெரியும், சினிமாவாவே வந்துடுச்சு. ஆனா சிங்கத்தை விடப் பெரிய வில்லன் செட்சி ஈ. அது கடிச்சா மாடு, கழுதை, குதிரை எதுவும் பிழைக்காது. சாமான் இழுக்க மிருகமே இல்லாத நாட்டில் ரயில் போடணும். தண்ணி கூட ரயிலில்தான் போகணும்.

தெற்கே இன்னும் மோசம். 1896ல் மாட்டுக் கொள்ளை நோய் இறங்கி, தென்னாப்பிரிக்கப் பக்கம் வண்டி மாடுகள் செத்து விழுந்து, வண்டிப் போக்குவரத்தே நின்னு போச்சு.

ஆனா ரயில் கட்டுறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. நேத்துப் போட்ட தண்டவாளத்து மேலேயே இன்னைக்குப் போடற தண்டவாளத்தைக் கொண்டுவரலாம். பெரியாறு அணைக்கு அந்த வசதி இல்லை. கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் ரயில் வந்ததே 1928ல், மதுரை–போடி பாதை. அணை முடிஞ்சு 33 வருஷம் கழிச்சு. லோயர் கேம்ப்புக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் கிடையாது.

மொம்பாசாவில் செட்சி, இங்கே கொசு. அங்கே செத்த இந்தியர்கள் சுமார் 2,500 பேர். இங்கே?

<b>483</b>

அணை வேலையில் இருந்த பொறியாளர் ஏ. டி. மெக்கென்சி, 1899ல் பெரியாறு திட்டத்தோட வரலாற்றை எழுதி வச்சார். அதில் வர்ற கணக்கு, நோயில் இறந்தவங்க 483 பேர். அணைக்குப் பக்கத்திலேயே அவங்களுக்கு இடுகாடும் இருக்கு.

என் மனசை அறுக்கிற விஷயம் இதுதான். அந்த 483 அணைக் கேம்ப்பில் செத்தவங்க. வேலை செய்யற இடத்தில் செத்தா பேரேட்டில் ஏறும். வண்டிக்காரர் எங்கே சாவார்? மலையில் ரெண்டு ராத்திரி தங்கி, கொசுக்கடி வாங்கி, இறங்கி வர்றார். மலேரியா காட்டுறதுக்குப் பத்து, பதினைஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள அவர் பெரியகுளத்தில் இருப்பார், இல்லை வத்தலக்குண்டில், இல்லை நிலக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் தன் வீட்டுத் திண்ணையில். குளிர்க்காய்ச்சல் வந்து செத்தா ஊர்க் கணக்கில் 'காய்ச்சல்'. அணைக் கணக்கில் அவர் வர வழியே இல்லை. அந்த 80 மைல் ரோடு சாமானை மேல கொண்டுபோச்சு, காய்ச்சலைக் கீழே கொண்டுவந்தது. அதனால 483ங்கிறது இந்த அணைக்கான உயிர் விலை இல்லை, அதில் ஒரு பகுதி. மீதி இந்த ரோட்டோரத்துக் கிராமங்களில் பேரில்லாமக் கிடக்குது.

இதனாலதான் நகைக் கதை எனக்கு உறுத்துது. அது செவிவழிக் கதை. அணை அரசாங்கப் பணத்தில் கட்டினது. பென்னி குயிக் மேல எனக்கு மரியாதை கொஞ்சமும் குறைவில்லை. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15ல், அவர் பிறந்த நாளில், மணிமண்டபம் திறந்தாங்க, சந்தோஷம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேர், ரொம்பச் சந்தோஷம். ஆனா ஒரு துரையோட தியாகத்தில் முழு அணையையும் ஏத்தி வச்சுட்டா, மாட்டு வண்டிக்காரர், சுண்ணாம்புச் சூளைக்காரர், லாடக்காரர், படகோட்டி, சும்மாடு கட்டின அம்மா எல்லாரும் அந்தக் கதையில் இருந்து இறங்கிடறாங்க. அவர் நகையை விக்காமலேயே பெரிய மனுஷர்தான். இவங்களை மறக்கிறதுக்கு அந்தக் கதை சாக்கா இருக்கக் கூடாது.

<b>திண்டுக்கல்காரனோட கடைசிக் கேள்வி</b>

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் அணையைத் திறந்தார். மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா, ஒரு மைலுக்கு மேல, தண்ணி கிழக்கே வந்தது. அது வைகையில் சேர்ந்து, பேரணையில் இருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரியுது. பேரணை எங்கே இருக்கு தெரியுமா? நிலக்கோட்டைப் பக்கம், இன்னைய திண்டுக்கல் மாவட்டத்தில்.

கவனிங்க. அணைக்கான இரும்பு இறங்கினது எங்க ஜில்லா ஸ்டேஷனில். போனது எங்க ரோட்டில். திரும்பி வந்த தண்ணி பிரியறதும் எங்க எல்லையில். ஆனா அதில் பெரும்பங்கு பாய்றது மதுரைக்கும் மேலூருக்கும். திண்டுக்கல் டவுனில் குடத்தோட லாரிக்குக் காத்திருந்த காலம் எங்க எல்லாருக்கும் தெரியும். இதில் மதுரைக்காரங்க மேல கோபம் எல்லாம் இல்லை (மதுரைப் பதிவர்கள் ஆட்டோ அனுப்ப வேணாம் :-) ). பள்ளம் எந்தப் பக்கமோ தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும். ஆனா பங்கு கேக்கலைன்னாலும் பேராவது கேக்கலாம் இல்லையா?

கொடைரோடு ஸ்டேஷனில் கொடைக்கானலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா யாரும் சொல்வாங்க. பெரியாறு அணை இங்கே இறங்கித்தான் போச்சுன்னு அங்கே ஒரு பலகை வச்சா என்ன? பெரிசா வேணாம். வருஷம், மைல், மாட்டு வண்டி, இந்த மூணு வார்த்தை போதும்.

<b>டிஸ்கி:</b> வண்டிக் கணக்கு எல்லாம் என் குத்துமதிப்பு. சிவில் படிச்ச மக்கள் பின்னூட்டத்தில் பிரிச்சு மேயலாம். வத்தலக்குண்டில் இருந்து கூடலூர் வரைக்கும் உள்ள பதிவர்கள், உங்க வீட்டுப் பெருசுகள் கிட்ட அணைக்கு வண்டி ஓட்டின கொள்ளுத்தாத்தா கதை இருந்தா, தயவுசெஞ்சு அதை உங்க பக்கத்தில் எழுதிப் போடுங்க. புத்தகத்தில் இல்லாதது அங்கேதான் இருக்கு.